பெருவிரலும் சுண்டு விரலும்

காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனை நினைக்கும்போதெல்லாம் அவருடைய இடது மணிக்கட்டுத்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. வலது கையின் பெருவிரலையும் சுண்டு விரலையும் மட்டும் வைத்து அந்த மணிக்கட்டை வளைத்துப் பிடிப்பார். மற்ற மூன்று விரல்களும் நீட்டியபடி நிற்கும். பெருவிரல் நகத்தின் மேல் சுண்டு விரல் ஏறிப் படுத்துக் கிடக்கும். “இப்பிடிச் செய்யடா பாப்பம்” என்பார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்து பார்ப்பேன். என்னுடைய இரண்டு விரல்களுக்கும் நடுவே எப்போதும் ஒரு இடைவெளி இருக்கும். அதற்குள் தன் விரலை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டி, “இதுக்குள்ளால மாட்டு வண்டிலே போகுமேடா” என்று சிரிப்பார். வாப்பாவுக்கும் அது கைவந்த வேலை. இரண்டு பேரும் முற்றத்தில் நின்று தங்கள் மணிக்கட்டுகளைப் பிடித்துக் காட்டும்போது, நான் மட்டும் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை போல நிற்பேன். “நீ உம்மாட ஆள்டா. ஒனக்கு ஏலா” என்பார் காக்கா. அதற்காகக் கிணற்றடியில் போய் நின்று நான் அழுதிருக்கிறேன்.

காக்கா எனக்கு எட்டு வயது மூத்தவர். எங்கள் வீட்டு வாசற்படியைக் குனிந்துதான் கடப்பார். கல்முனைக் கடைகளில் வாங்கும் எந்தச் சாரனும் அவருக்குக் கணுக்கால் வரை வந்ததில்லை. நெஞ்சின் நடுவில் ஒரு குழி இருந்தது. கிணற்றடியில் குளிக்கும்போது அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். சின்ன வயதில் அதில் விரலை விட்டு அலசுவது எனக்கு விளையாட்டு. பதினாறு வயதிலேயே தடித்த கண்ணாடி போட்டுவிட்டார். கடற்கரையில் அது விழுந்துவிடாமல் இருக்க நைலோன் நூலால் பின்னந்தலையில் கட்டிக்கொள்வார். கரைவலை இழுக்கும் ஆட்களிடையே தலை ஒரு முழம் உயர்ந்து, அந்த நூல் காற்றில் ஆட, அவர் நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். அவருடைய நீளத்தை ஊர் இறைவன் தந்த பரக்கத்தாகவே பார்த்தது. “கொக்கு வந்திட்டான், இனி வலை வரும்” என்பார் வலையின் முதலாளி.

கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, தோணி வளைந்து போய் வலையைக் கடலில் போட்டு, மறு தலைப்பைத் தூரத்தில் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு தலைப்பிலும் இரண்டு கூட்டம் நின்று இழுக்கும். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சின்னக் கயிறு. அதைப் பெரிய கயிற்றில் கொளுவிக்கொண்டு, உடம்பின் முழுப் பாரத்தையும் பின்னே சாய்த்து, மணலில் குதிகாலை ஊன்றி, பின்னுக்குப் பின்னே நடப்பார்கள். மேட்டுக்குப் போனதும் கழற்றிவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு ஓட வேண்டும். வெள்ளாப்பில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதுதான். தண்ணீர் ஓரத்தில் நிற்பவனுக்குத்தான் அலையின் அடி நேராக வரும். அந்த இடம் காக்காவின் இடம். அதற்கு முன்னே அது வாப்பாவின் இடம்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது வாப்பா அந்த இடத்தில்தான் மௌத்தானார். கயிற்றைக் கழற்றிவிட்டு, “முதுகுக்குள்ள என்னமோ கிழியுது” என்று சொல்லிக்கொண்டு மணலில் குந்தினாராம். எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். அஸர் தொழுகைக்கு முன்னமே அடக்கியாயிற்று. அடுத்த கிழமை காக்கா பள்ளிக்கூடப் புத்தகங்களை எனக்கென்று அடுக்கி வைத்துவிட்டு, வாப்பாவின் இடுப்புக் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார். அவர் அந்தக் கயிறு இழுத்த காசில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்.

அங்கே நான் படித்தது பொருள் விஞ்ஞானம். கடைசி வருட ஆய்வுக்கு என்ன எடுப்பது என்று விரிவுரையாளர் கேட்டபோது, யோசிக்காமல் கரைவலைக் கயிறு என்றேன். காக்கா பழைய கயிறுகளில் சாண் சாணாக வெட்டி ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுத் தந்தார். கயிறு பார்ப்பதற்குக் கரைவலைக்காரரிடம் ஒரு முறை உண்டு. வெளியால் பார்த்து எந்தக் கயிற்றையும் அவர்கள் நம்புவதில்லை. முறுக்குக்கு எதிராகத் திருகி, புரிகளைப் பிரித்து, உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே தூள் கொட்டினால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் கயிறு கடலுக்குப் போகாது. நான் ஆய்வுகூடத்தில் செய்ததும் அதுதான். இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன், அவ்வளவுதான்.

கயிற்றைப் பிரித்தால் புரி. புரியைப் பிரித்தால் நூல். நூலைப் பிரித்தால் நார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். நாரின் சுவருக்குள் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாத நுண்ணிழைகள் கற்றை கற்றையாகக் கிடக்கின்றன. தேங்காய்த் தும்பு நாரில் அவை நேராக இல்லை; சரிந்து சரிந்து, சுருள் கம்பி போல நாரைச் சுற்றிப் போகின்றன. இழுத்தால் முதலில் அந்தச் சுருள் விரியும். அதனால்தான் தும்புக் கயிறு அறுவதற்கு முன்னே நீண்டு கொடுக்கிறது. பிளாஸ்டிக் கயிற்றின் கதை வேறு. உருக்கிய பிளாஸ்டிக்கை மெல்லிய இழையாக்கி, பலமாக இழுத்து நீட்டும்போது, உள்ளே தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள் நிரைக்கு வந்து நுண்ணிழைகளாகின்றன. நீளவாட்டில் அசாத்தியப் பலம். பக்கவாட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது குறைவு. மணலில் உரசினால் மயிர் மயிராகப் பிளந்து நரைத்துப்போகும். கரையில் கிடக்கும் பழைய கயிறுகளின் வெள்ளைப் பூனைமயிர் அதுதான்.

இவ்வளவும் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் நின்று இழுக்கும் தலைப்பின் தும்புக் கயிற்றை மாற்றி, அந்த இடத்துக்கு நீளாத, அறாத புதுப் பிளாஸ்டிக் கயிறு போடலாம் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சீசன் தொடக்கத்தில் அவர் மாற்றினார். காக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவன் போனவனிடமெல்லாம் கயிற்றைத் தட்டிக் காட்டி, “இது என்ட தம்பி சொன்ன கயிறு. கெம்பஸ் கயிறு” என்றார். அந்தப் பெயரே கயிற்றுக்கு நிலைத்துவிட்டது.

ஆய்வறிக்கைக்கு முன்னுரை எழுத வேண்டியிருந்தது. நுண்ணிழைகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை விரிவுரையாளர் இரவலாகத் தந்தார். கெம்பஸிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யன்னல் ஓரமாக இருந்து அதை வாசித்துக்கொண்டு வந்தேன். பட்டு, மரம், தசைநாண் எல்லாம் கடந்து, இரத்தக்குழாய்ச் சுவருக்கு வந்தேன். இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயின் சுவரிலும் நுண்ணிழைகள் உண்டாம். ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து மறுபடி சுருங்கும் அந்தச் சுவரை அவைதான் ஒழுங்காகப் பிடித்து வைத்திருக்கின்றனவாம். சில குடும்பங்களில் அந்த இழையைக் கட்டும் புரதத்திலேயே பிறவிக் குறை இருக்கும். அப்படிப்பட்டவர்களில் பலர் வழக்கத்துக்கு மாறாக உயரமாக இருப்பார்கள். கைகால் நீளம். கண் பார்வை மோசம். நெஞ்செலும்பு குழி விழுந்திருக்கலாம். பெருவிரலாலும் சுண்டு விரலாலும் தங்கள் மணிக்கட்டை வளைத்துப் பிடித்தால் நகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

பக்கத்தில் அந்தக் கையின் படமும் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரரின் கை. அது காக்காவின் கை.

அடுத்த பந்தியையும் வாசித்தேன். அந்தச் சுவர் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல அகன்று வரும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் உட்புறமாகக் கிழியும். கிழியும்போது பலருக்கு முதுகில் வலிக்கும். பாரமான எதையும் மூச்சைப் பிடித்து இழுக்கவோ தூக்கவோ கூடாது. புத்தகத்தை மூடினேன். எங்கள் பக்கத்து ஊர்களான அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எல்லாம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது. கல்முனை வந்து, பஸ் நின்று, கொண்டக்டர், “தம்பி, இறங்கல்லியா?” என்று தோளில் தட்டும்வரை நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இடைவெளி அப்படியே இருந்தது. அதற்காக அழுத பிள்ளைக்கு அன்று ஒரு நிமிடம் நிம்மதி வந்தது. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். பதினொரு நாள் சொல்லவில்லை. நான் டொக்டரில்லை, பிழையாக இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வாயால் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்ற பயம். ஒவ்வொரு வெள்ளாப்பிலும் கடற்கரைக்குப் போய் நின்றேன். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலை வலையை அடிக்கும்போது பழைய தும்புக் கயிறு அந்த உலுப்பலைத் தன் நீட்சிக்குள் விழுங்கிவிடும். என் கயிறு நீளாது. கடல் அடிக்கிற அடி அப்படியே வந்து இடுப்பில் விழும். “கெம்பஸ் கயிறு குத்துதுடா” என்று ஆட்கள் பகிடியாகச் சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். ஒவ்வொரு உலுப்பலுக்கும் காக்காவின் தலை முன்னே விழுந்து பின்னே போவதை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். அந்தச் சுவரில் எத்தனை இழை மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டாம் நாள் நான் செய்ததுதான் பெரிய பிழை. காக்காவிடம் போகாமல் முதலாளியிடம் போனேன். எல்லோருக்கும் முன்னால், “என்ட கணக்கு பிழைச்சிட்டு. பழைய கயிறையே போடுங்க” என்றேன்.

முதலாளி வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். “என்ன மனே, கெம்பஸ்ல கிழமைக்கொரு பாடமா? போன மாசம் இத மாத்துங்க எண்டாய்.”

கூட்டம் சிரித்தது. காக்கா சிரிக்கவில்லை. இடுப்புக் கயிற்றைக் கழற்றியபடி வந்து எனக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்றார். “தம்பி பிழையாச் சொல்லமாட்டான். கயிறு நல்ல கயிறு. நான் இழுக்கன். குத்துது எண்டவன் அங்கால போகட்டும்” என்றார். சொன்னபடி போய்த் தண்ணீர் ஓரத்தில் கொளுவிக்கொண்டு, முன்னையைவிட மூர்க்கமாக இழுத்தார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் இழுத்தார். அந்த வலை கரைக்கு ஏறும்வரை நான் ஓதிக்கொண்டிருந்தேன். என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் எனக்கு முன்னே நடந்தார். வேலிக் கடப்பைத் திறக்கும்போதுதான் திரும்பினார்.

“ஏன்டா என்ன அத்தன பேருக்கு முன்னால வெக்கப்படுத்தின?”

சொன்னேன். கடப்பில் நின்றபடியே, முன்னுக்குப் பின்னாக, புத்தகத்தையும் பஸ்ஸையும் வாப்பாவையும் ஒன்றாகக் குழப்பிச் சொன்னேன். முதலில் அவர் சிரித்தார். “படிச்சுப் படிச்சு ஒனக்கு மனிசன்கூட நூலாத் தெரியுறான்.” பிறகு, என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றது. வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்தது. ஏறிக் கிடந்த நகத்தை முதன்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“அப்ப வாப்பா?”

“ஓம். அதாத்தான் இரிக்கும்.”

கடப்புக் கம்பைத் தடவினார். “சீசன் முடியட்டும். மறுகா பாப்பம்” என்றார்.

“கயிற வெளியால பாத்து நம்பமாட்டிங்க. திருகித்தானே பாப்பிங்க? அப்ப ஒங்கட நெஞ்ச மட்டும் ஏன் வெளியால பாக்கீங்க?” என்றேன். என் குரல் உடைந்து பெண்பிள்ளை அழுவது போல இருந்ததாக, உள்ளேயிருந்து கேட்ட காக்காவின் மனைவி, என் மதினி, இன்றும் சொல்லிக் காட்டுவார்.

காக்கா இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கடப்பில் தொங்கவிட்டார். இரண்டாம் நாள் காலை வைத்தியசாலையில், இருட்டறைக்குள், காக்காவின் நெஞ்சுக் குழியில் பசை தடவி ஸ்கேன் பிடித்தார்கள். டொக்டர் முதலில் எங்களோடு பகிடி விட்டுக்கொண்டுதான் இருந்தார். திரையில் ஒரு இடத்தை அளந்தார். மறுபடி அளந்தார். அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை. “இவர் என்ன வேலை?” என்று என்னிடம் கேட்டார்; கட்டிலில் கிடந்தவரிடம் கேட்கவில்லை. நான் சொன்னதும் கையிலிருந்த கருவியை மெதுவாக வைத்தார். அன்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்துத் தருகிறேன் என்றார்.

அந்த நாள் வரும்வரை எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை எழுத எனக்குத் தைரியம் போதாது. அவர் இருமினால் உம்மா அடுப்படியிலிருந்து எழும்பி வருவார். தும்மினால் எல்லோரும் நின்றுவிடுவோம். சுஜூதிலிருந்து அவர் தலை நிமிர்த்தச் சற்றுத் தாமதித்தாலும் எனக்குத் தொழுகை குழம்பிவிடும். “இன்னும் ஆள் இரிக்கன், பயப்படாதீங்க” என்று அவரே சலாம் கொடுத்துவிட்டுச் சொல்வார். மருந்தின் களைப்பில் முற்றத்துக் கதிரையில் சாய்ந்திருக்கும்போது, எட்டி நின்று அவருடைய சேர்ட்டு மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொழும்பில் அகன்றுபோன துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நெய்த பொலியெஸ்டர் குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். இதயத்தின் வாயிலில் ஒரு செயற்கை வால்வு. அந்தக் குழாயின் மாதிரி ஒன்றை டொக்டர் எனக்குக் காட்டினார். வெள்ளை நிறம், ஓரம் ஓரமாகச் சுருக்கம் விட்டது, பெருவிரல் தடிமன். விரலில் தடவிப் பார்த்தேன். அதுவும் உருக்கி, இழுத்து நீட்டி, சங்கிலிகளை நிரைக்குக் கொண்டுவந்த இழைதான். என் கயிற்றுக்கு நெருங்கிய சொந்தம். பிறவியில் கிடைத்த இழை கைவிட்ட இடத்தில் மனிதன் இழுத்த இழை நிற்கப்போகிறது. அது இவ்வளவு மெல்லியதாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண் விழித்துக் கொஞ்சம் கதைக்க முடிந்ததும் காக்கா கேட்ட முதல் கேள்வி: “அப்ப ஒன்ட கெம்பஸ் கயிறத்தான் உள்ளுக்க வெச்சிரிக்காங்களாடா?”

இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. கடற்கரைக் கொட்டிலில் இருந்து முதலாளியின் கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். பக்கத்தில் இருந்தால் அவர் நெஞ்சிலிருந்து அந்த வால்வின் சத்தம் கேட்கும்: டிக், டிக், மலிவான மணிக்கூடு மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால்தான் கண் மூடுகிறது என்கிறார் மதினி. கரையில் தும்புக் கயிறு மறுபடி வந்துவிட்டது. நான் வைத்தியசாலைக்குப் போய் என்னையும் பரிசோதித்துக்கொண்டேன், எனக்கு ஒன்றுமில்லை. உம்மாவின் ஆள்தானே.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் அது பொய்யாகிவிடும். காக்காவை வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒரு துண்டு எழுதித் தந்தார். இவருடைய பிள்ளைக்கும் இந்தக் குறை வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, மகளைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று. காக்கா அதை மடித்துத் தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். நோன்பு முடியட்டும் என்றார். பெருநாள் போனது. பரீட்சை முடியட்டும் என்றார். பரீட்சையும் போனது. நான் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து அவர் கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் அந்தத் துண்டைக் காண்பேன். இருவரும் வேறு பக்கம் பார்ப்போம். பதினொரு நாளில் நான் படித்த பாடம் எங்கே போனது என்று தெரியவில்லை.

போன மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்த காக்காவின் மகள் வெள்ளைச் சீருடையோடு கொட்டிலுக்கு ஓடி வந்தாள். எட்டு வயது. வகுப்பில் எல்லோரையும்விட உயரம். மூச்சு வாங்க எங்கள் முன்னால் நின்று, வலது கைப் பெருவிரலாலும் சுண்டு விரலாலும் இடது மணிக்கட்டை வளைத்துப் பிடித்தாள்.

“சாச்சா, பாருங்களன்! வகுப்பில ஆருக்கும் ஏலா. நான் வாப்பாட ஆள்!”

நகத்தின் மேல் நகம் ஏறிக் கிடந்தது. காக்காவின் கையிலிருந்த வலை ஊசி நின்றது. கொட்டிலில் அந்த டிக், டிக் மட்டும் வேகமாகக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். சீசன் முடியட்டும் என்று அந்த வாய் திறப்பதற்குள், “நாளைக்குப் போறம்” என்றேன். அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அந்தத் துண்டை என் கையில் வைத்தார்.

மறுநாள் அதே இருட்டறையின் வாசலில், அதே மர வாங்கில் இருந்தோம். நடுவில் அவள். அந்தப் பக்கம் காக்கா, கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டு. அவளுக்குப் பொழுது போகவில்லை. “நீங்க செய்யுங்க சாச்சா” என்றாள். நான் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். இடைவெளி இருந்தது. அவள் சிரித்துக்கொண்டு தன் நீண்ட, மெல்லிய விரலை அதற்குள் விட்டாள். அந்த விரலில் அவளுடைய துடிப்பு தெரிந்தது. கதவு திறந்து உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். விரலை எடுக்க அவள் இழுத்தாள். நான் இன்னும் விடவில்லை.